‘டெட்வுட்’: மெதுவாக நகர்கிறது என்பதற்காக ஒதுக்கிவிடலாமா?

செந்தூல்வாசி

அனைவருக்கும் வணக்கம். எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 2004 முதல் 2006 வரை மூன்று சீசன்களாக, 36 பகுதிகளாக வந்த ‘டெட்வுட்’ தொடரைப் பற்றிப் பேசுவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். கதை முடிவு வரை இங்கே பேசப்படும். இன்னும் பார்க்காதவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

இந்தத் தொடரைப் பரிந்துரைக்கும்போதெல்லாம் ‘இழுவை’ என்ற பதிலே எனக்குக் கிடைத்திருக்கிறது. குதிரை, துப்பாக்கி, தங்கம் என்று எல்லாம் இருந்தும் துரத்தலும் சண்டையும் குறைவாக இருப்பதால், கௌபாய் படம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஏமாற்றம் வருவது இயல்புதான். ஆனால் இதன் பொருள் சண்டை அன்று. சட்டமே இல்லாத ஓரிடத்தில் சட்டம் எப்படி முளைக்கிறது என்பதுதான் இதன் பொருள். தொடரை உருவாக்கிய டேவிட் மில்ச் முதலில் நீரோ மன்னன் காலத்து ரோமாபுரிக் காவலர்களைப் பற்றிய கதையைத்தான் எச்.பி.ஓ.விடம் கொண்டுபோனார். ரோமைப் பற்றிய வேறொரு தொடர் அவர்களிடம் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்ததால், அதே கேள்வியை 1876ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்வுட் என்ற தங்க வேட்டை முகாமுக்கு இடம்மாற்றினார்.

முதல் பகுதியின் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். மொன்டானாவில் காவல் அதிகாரியாக இருக்கும் சேத் புல்லக், வேலையை விட்டு டெட்வுட்டுக்குப் புறப்பட இருக்கிறார். சிறையில் ஒரு குதிரைத் திருடன் இருக்கிறான். அவனை இழுத்துச் சென்று கொல்வதற்குக் குடிவெறியில் ஒரு கும்பல் வாசலில் நிற்கிறது. புல்லக் அவனைக் கும்பலிடம் விட மறுத்து, சிறையின் தாழ்வாரத்திலேயே, சட்டத்தின் பெயரால், தானே தூக்கிலிடுகிறார். அவன் குடும்பத்தாருக்குச் சொல்ல விரும்பும் கடைசிச் சொற்கள் தாளில் எழுதப்படுகின்றன. உயரம் போதாததால், அவன் வேதனை நீளாமல் இருக்கப் புல்லக் தன் கைகளாலேயே அவன் உடலைக் கீழே இழுத்து உயிரை முடிக்கிறார். கும்பல் செய்திருந்தாலும் அவன் இறந்திருப்பான். புல்லக் செய்தாலும் இறக்கிறான். இரண்டுக்கும் இடையே என்ன வேறுபாடு என்பதைத்தான் அடுத்த 35 பகுதிகளும் விசாரிக்கின்றன. அதை அவசரமாகச் சொல்ல முடியாது என்பது என் துணிபு.

கெப்போங் பார்வையாளர்

செந்தூல்வாசி அவர்களே, தங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆயினும் மூன்றாம் பகுதியோடு நான் நிறுத்திவிட்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். முதற்காரணம், வசைச்சொற்கள். எங்கள் வீட்டில் தொலைக்காட்சி நடுக்கூடத்தில் இருக்கிறது; அம்மாவும் அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வாக்கியம்கூடக் கெட்ட வார்த்தை இல்லாமல் முடியாத தொடரை அங்கே எப்படி ஓட விடுவது? இரண்டாவது, பெண்களை நடத்தும் விதம். ஜெம் மதுக்கடையின் முதலாளி ஸ்வெரிஞ்சன், தன்னிடம் இருக்கும் டிரிக்ஸி என்ற பெண்ணின் கழுத்தில் காலை வைத்து மிதிக்கும் காட்சி முதல் பகுதியிலேயே வருகிறது. அப்படிப்பட்டவனைக் கதையின் நடுநாயகமாக வைத்து, போகப்போக நாம் அவனை விரும்பும்படி செய்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மூன்றாவதாக, நீங்கள் எவ்வளவு விளக்கினாலும், மூன்று மணி நேரம் பார்த்த பிறகும் கதை நகரவில்லை என்றால் அது பார்ப்பவரின் குறை ஆகாது.

ஜார்ஜ்டவுன் தமிழாசிரியை

கெப்போங் நண்பர் சொன்னவற்றுள் முதல் இரண்டையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெற்றோருடன் அமர்ந்து பார்க்கக்கூடிய தொடர் இதுவன்று. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் தனியாகப் பார்க்க வேண்டியது. அந்தக் காலத்து மனிதர்கள் இறைவன் பெயரைச் சொல்லித்தான் அதிகம் சபித்தார்கள், அதை அப்படியே வைத்திருந்தால் இன்றைய காதுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும் என்பதால்தான் இக்கால வசைகளைப் பயன்படுத்தியதாக மில்ச் விளக்கமளித்திருக்கிறார். அந்த விளக்கத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால், வசைகளைக் கழித்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்: வாக்கியங்கள் நாடகமேடைக்கு எழுதியவை போல நீண்டு, மடங்கி, தன்னையே திருத்திக்கொண்டு போகின்றன. தனியறையில் ஸ்வெரிஞ்சன் பேசும் நீண்ட பேச்சுகளை நான் இரண்டு முறை ஓடவிட்டுக் கேட்டேன். பேசப்பேசத்தான் அந்த மனிதனுக்குத் தான் என்ன நினைக்கிறோம் என்பதே தெரியவருகிறது.

டிரிக்ஸியைப் பற்றியது. அந்தக் காட்சி கொடூரமானது, கொடூரமாகவே இருக்க வேண்டும் என்று எடுக்கப்பட்டது. மூன்றாம் பகுதியில் நிறுத்திவிட்டதால் நீங்கள் அவளுடைய பாதையைப் பார்க்கவில்லை. தாயைப் போல ஒரு சிறுமியைக் காப்பாற்றுகிறாள், அபினுக்கு அடிமையான ஆல்மா காரெட் அதிலிருந்து மீள உடனிருக்கிறாள், புல்லக்கின் கூட்டாளி சால் ஸ்டாரின் வன்பொருள் கடையில் கணக்கு கற்றுக்கொள்ளத் தொடங்குகிறாள். கணக்கு கற்பது என்பது ஒரு தொடரில் நிகழ்ச்சியாகுமா என்று கேட்பீர்கள். அந்த முகாமில், அவளைப் போன்ற ஒருத்திக்கு, அதைவிடப் பெரிய நிகழ்ச்சி வேறில்லை. இவையெல்லாம் ஒரே பகுதியில் நடந்திருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

இரண்டாம் சீசனையும் சொல்ல வேண்டும். அதன் தொடக்கத்தில் ஸ்வெரிஞ்சனுக்குச் சிறுநீர்ப்பாதையில் கல் அடைத்துக்கொள்கிறது. முகாமின் மிக வலிமையான மனிதன் பேச்சிழந்து படுக்கையில் கிடக்க, கதவுக்கு வெளியே அவனுடைய ஆட்கள் என்ன செய்வதென்று தெரியாமல் குழந்தைகளைப் போல உட்கார்ந்திருக்கிறார்கள். கத்தி வைத்துக் கீறினால் பிழைப்பானா என்ற தயக்கத்தில் டாக்டர் காக்ரன் நடுங்குகிறார். ஒருவனது உடல் நோயை வைத்து ஒரு முகாமே எவ்வளவு தூரம் ஒரே மனிதனைச் சார்ந்திருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறார்கள். நான் இதுவரை பார்த்த தொடர்களில் இவ்வளவு இறுக்கமான காட்சிகள் குறைவு. அங்கே ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

செந்தூல்வாசி

ஆசிரியை அவர்களுக்கு நன்றி. நான் இந்த இழையைத் தொடங்கியதன் உண்மையான காரணத்தை இப்போது சொல்கிறேன். கோலாலம்பூரில் வாழ்பவர்கள் இந்தத் தொடரை வேற்று நாட்டுக் கதையாகப் பார்க்க வேண்டியதில்லை, ஏனெனில் நம் ஊரும் இப்படித்தான் பிறந்தது.

1857இல் ராஜா அப்துல்லா 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியாக மேலே அனுப்பினார். கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் கரையேறி, அம்பாங் காட்டுக்குள் ஈயம் தேடிச் சென்றவர்களில் பெரும்பாலோர் மலேரியாவுக்குப் பலியானார்கள். ஆயினும் ஈயம் கிடைத்தது. ஆட்கள் மேலும் வந்தார்கள். ஆறு கூடுமிடத்தில் கடைகள் முளைத்தன. 1868இல் சீனர்களின் தலைவரான கப்பித்தான் பொறுப்புக்கு வந்த யாப் ஆ லோய் சூதாட்ட விடுதியும் அபினும் விலைமாதர் விடுதியும் நடத்தினார். அதே மனிதர்தான் வழக்குகளைத் தீர்த்து, திருடர்களைத் தண்டித்து, சாலை போட்டு, ஊரையும் கட்டிக் காத்தார். ஸ்வெரிஞ்சனைப் பார்க்கும்போது எனக்கு உடனே அவர் நினைவு வந்தது. இரண்டு மனிதரும் ஒரே மாதிரியானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அரசாங்கம் வந்து சேராத இடத்தில் யாரிடம் பணமும் ஆளும் இருக்கின்றனவோ அவரிடமே நீதியும் போய்ச் சேர்கிறது என்பதைச் சொல்கிறேன்.

சிலாங்கூர் உள்நாட்டுப் போரில், 1872இல், சையது மஷ்ஹூரின் படை ஊரைப் பிடித்தபோது கோலாலம்பூர் சாம்பலானது. மறு ஆண்டு மீட்கப்பட்டதும் யாப் மறுபடியும் கட்டினார். கடனில் மூழ்கியிருந்தவரை 1879இல் ஈய விலை ஏறியது காப்பாற்றியது. 1881 ஜனவரியில் தீ, அதே ஆண்டின் இறுதியில் வெள்ளம். மரமும் அத்தாப்பும் நெருக்கியடித்துக் கிடந்த கடைத்தெருக்களை எரித்த அந்தத் தீக்குப் பிறகுதான், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்ற விதியைப் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் சுவெட்டன்ஹம் காலத்து நிர்வாகம் கொண்டுவந்தது. உண்மையான டெட்வுட்டும் 1879 செப்டம்பரில் தீக்கிரையாகி ஏறத்தாழ 300 கட்டடங்களை இழந்தது. பூமியின் இரு எதிர்ப்புறங்களில், இரண்டே ஆண்டு இடைவெளியில், இரண்டு சுரங்க முகாம்கள் எரிந்து, எரிந்ததனாலேயே நகரங்களாயின.

மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கி மேடான் பாசாருக்கு நடந்து பாருங்கள். 1937இல் எழுப்பிய கடிகாரக் கோபுரம் நிற்கும் அந்தச் சிறிய சதுக்கம்தான் யாப் ஆ லோயின் சந்தை இருந்த இடம். சுற்றிலும் சாப்பாட்டுக் கடைகள், நாணய மாற்றுக் கடைகள், பேருந்துக்கு ஓடுகிற ஆட்கள். அங்கே நின்றுகொண்டு சேறும் பன்றியும் சூதாட்டக் கூச்சலும் நிறைந்த ஒரு தெருவை என்னால் முன்பெல்லாம் கற்பனை செய்ய முடிந்ததில்லை. இந்தத் தொடரைப் பார்த்த பிறகு முடிகிறது. வரலாற்று நூல் தராத அந்த அழுக்கையும் இரைச்சலையும் இது தருகிறது. அதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான பகுதிகள் ஏறத்தாழ ஒரு நாளில் முடிபவை. விடிகிறது, மாடத்தில் ஸ்வெரிஞ்சன் கோப்பையுடன் நின்று தெருவைப் பார்க்கிறார், வேலை தொடங்குகிறது.

கிள்ளான் வரலாற்று மாணவர்

ஒப்புமை நன்றாக இருக்கிறது, ஆனால் அது முறியும் இடங்களும் முக்கியமானவை.

முதலாவது, டெட்வுட் யாருடைய நிலத்தில் எழுந்தது என்பது. 1868ஆம் ஆண்டின் ஃபோர்ட் லாரமி ஒப்பந்தப்படி பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி சூ பழங்குடி மக்களுக்கு உரியது. 1874இல் அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டரின் படை அங்கே தங்கம் இருப்பதாகச் செய்தி பரப்பியது. அதன்பின் ஒப்பந்தத்தை யாரும் மதிக்கவில்லை. 1877இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. 1980இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தும், எங்களுக்கு வேண்டியது நிலமே என்று சூ மக்கள் அந்தப் பணத்தைத் தொட மறுத்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய வரலாற்றின் மேல் அமர்ந்திருக்கும் தொடரில், அம்மக்கள் மூன்று சீசன்களிலும் மனிதராக வாய் திறந்து பேசுவதே இல்லை எனலாம். ஒரு பெட்டிக்குள் அடைபட்ட பழங்குடித் தலைவர் ஒருவரின் வெட்டுண்ட தலையிடம் ஸ்வெரிஞ்சன் தன் மனத்தைக் கொட்டுகிறார். அவர்களுக்குக் கிடைத்த இடம் அது. படைப்பாளி தெரிந்தே செய்தார் என்று வாதாடுவோர் உண்டு. எனக்கு அது போதவில்லை.

இரண்டாவது, சீனர்கள். கோலாலம்பூரின் கதையில் மையத்தில் இருப்பவர்கள், டெட்வுட்டில் ஊரின் ஓரத்தில் இருக்கிறார்கள். கீயோன் யங் நடித்த வூ என்ற பாத்திரம் முதலில் பிணங்களைப் பன்றிகளுக்குப் போடும் ஆளாகவே வருகிறது. தன் அபினைத் திருடியவர்கள் யார் என்பதை அவர் தாளில் படம் வரைந்து ஸ்வெரிஞ்சனுக்கு விளக்கும் காட்சி அருமையானது: கரியால் கோடு கிழிக்கும் விரல்களில் அவ்வளவு ஆத்திரம். ஆனால் அவர் வீட்டுக்குள் கேமரா போவதில்லை. யாப் ஆ லோயின் ஊரைச் சேர்ந்த நாம் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

மூன்றாவது கேள்வி நமக்குரியது. இப்படி ஒரு தொடர் கோலாலம்பூரைப் பற்றி எடுத்தால், தமிழர் எங்கே நிற்பார்கள்? தம்புசாமிப் பிள்ளை சிங்கப்பூரிலிருந்து டேவிட்சன் துரையுடன் குமாஸ்தாவாக வந்தவர். 1873இல் மகா மாரியம்மன் கோயிலை நிறுவினார். சீனத் தொழிலதிபர் லோக் இயூவுடன் சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தி, 1894இல் அங்கே மின்சாரத்தைக் கொண்டுவந்தார். அவர் ஒருவரை மட்டும் காட்டினால் போதாது. 1886இல் கிள்ளான் பக்கமிருந்து ரயில் வந்தபோது, அந்தப் பாதையிலும் பிறகு சாலைகளிலும் வேலை செய்த பெயரற்ற மக்களையும் காட்ட வேண்டும். டெட்வுட் செய்ததிலேயே சிறந்தது, சாமான்கள் சுமக்கும் ஆளுக்கும் விடுதியில் தரை துடைக்கும் ஜூவல் என்ற மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கும் முழு வாழ்க்கையைத் தந்தது. அந்தப் பாடம் நம்மவர் தொடர் எடுக்கும்போது கிடைத்தால் மகிழ்வேன்.

பிரிக்பீல்ட்ஸ் புதியவர்

ஒரு சிறிய ஐயம். இவர்களில் யார் உண்மையில் வாழ்ந்தவர்கள்? கொலையாளி ஒருவனை ஊர் நீதிமன்றம் விடுதலை செய்வதாக ஐந்தாம் பகுதியில் காட்டுகிறார்களே, அது நடந்ததா?

கிள்ளான் வரலாற்று மாணவர்

புல்லக், சால் ஸ்டார், ஸ்வெரிஞ்சன், ஹிக்காக், சுரங்க முதலாளி ஹர்ஸ்ட் ஆகிய அனைவரும் வாழ்ந்தவர்கள். ஆல்மா, டிரிக்ஸி, டாக்டர் காக்ரன் ஆகியோர் கற்பனை. புகழ்பெற்ற துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக்கை 1876 ஆகஸ்ட் 2ஆம் நாள் சீட்டாட்ட மேசையில் பின்னாலிருந்து சுட்டவன் ஜாக் மெக்கால். முகாமின் சுரங்கத் தொழிலாளர்கள் கூடி விசாரித்து அவனை விடுவித்தது உண்மை. அந்த முகாமுக்குச் சட்ட அங்கீகாரமே இல்லாததால் அந்த விசாரணை செல்லாது என்று பின்னர் டகோட்டா பிரதேசத்தின் அன்றைய தலைநகரான யாங்க்டனில் மீண்டும் விசாரித்து, 1877 மார்ச்சில் தூக்கிலிட்டார்கள். தொடர் இந்த உண்மையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது: நாமே தூக்குத் தண்டனை கொடுத்தால், ‘உங்களுக்கு அந்த உரிமை யார் தந்தது’ என்று வாஷிங்டன் கேட்கும், பிறகு நம் சுரங்க உரிமைகளையும் கேள்வி கேட்கும் என்று ஸ்வெரிஞ்சன் கணக்குப் போட்டுக் காய் நகர்த்துகிறார். மெதுவாகப் பார்த்தால்தான் இந்தக் கணக்கு பிடிபடும்.

பத்துமலை ரசிகர்

நான் பேச விரும்புவது மூன்றாம் சீசனைப் பற்றி. ஹர்ஸ்ட் வந்தவுடன் தொடரின் முகமே மாறிவிடுகிறது. அதுவரை ஸ்வெரிஞ்சனைவிடக் கொடியவன் இல்லை என்று நினைத்திருந்தோம். பெருமுதலாளி வந்தபின் அவன் உள்ளூர்க்காரனாகத் தெரிகிறான். ஹர்ஸ்டுக்கு ஊர் வேண்டாம், மனிதர் வேண்டாம், மண்ணுக்கடியில் இருக்கும் தாது மட்டுமே வேண்டும். சங்கம் அமைக்க முயன்ற கார்ன்வால் தொழிலாளர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகிறார்கள். தொடரில் வரும் கொலைகள் கற்பனை. ஆனால் வரலாற்றில் ஹர்ஸ்ட் 1877இல் வாங்கிய ஹோம்ஸ்டேக் சுரங்கம் 2002 வரை ஓடியது.

என் தாத்தா சுங்கை பீசி பக்கத்து ஈயச் சுரங்கத்தில் வேலை செய்தவர். நிறுவனம் எப்போதும் தூரத்தில் இருந்தது, முகம் இல்லாமல் இருந்தது என்று சொல்வார். 1985இல் ஈய விலை வீழ்ந்தபின் சுரங்கங்கள் மூடின. குழிகளில் நீர் நிறைந்தது. பிறகு சில குழிகளைச் சுற்றி விடுதியும் பேரங்காடியும் கேளிக்கைப் பூங்காவும் எழுந்தன. ஹர்ஸ்ட் கிளம்பிப் போகும் காட்சியில் புல்லக் எதுவும் செய்ய முடியாமல் தெருவில் நிற்பதைப் பார்த்தபோது, எனக்கு அது அமெரிக்கக் கதையாகத் தோன்றவில்லை.

அந்த முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை என்று அறிவேன். நல்லவரான எல்ஸ்வொர்த் தன் கூடாரத்தில் சுடப்பட்டு இறக்கிறார். ஆத்திரத்தில் டிரிக்ஸி ஹர்ஸ்டைச் சுடுகிறாள், அவன் பிழைத்துவிடுகிறான். சுட்டவளின் பிணம் வேண்டும் என்கிறான். டிரிக்ஸியைக் காப்பாற்ற ஸ்வெரிஞ்சன் அவளைப் போலவே தோற்றமுள்ள, எந்தப் பாவமும் அறியாத ஜென் என்ற மற்றொரு பெண்ணைக் கொன்று அவள் பிணத்தைக் காட்டுகிறார். பழிவாங்கல் இல்லை, வெற்றி இல்லை. கடைசியில் ஸ்வெரிஞ்சன் மண்டியிட்டு, தூரிகையால் தரையில் படிந்த இரத்தத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கெப்போங் நண்பர் கேட்ட கேள்விக்கு, அவனை நாம் விரும்பும்படி செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு, இந்தக் காட்சியே பதில் என்று கருதுகிறேன். இத்தனை பகுதிகளாக நாம் அவரோடு நெருங்கியது உண்மை. அந்த நெருக்கத்துக்கு விலையாக ஜென்னின் உயிரை நம் முன்னால் வைக்கிறார்கள். அவளைப் பெயர் சொல்லி நினைக்காதவர்கள் தொடரைச் சரியாகப் பார்க்கவில்லை.

கெப்போங் பார்வையாளர்

பத்துமலை நண்பரின் பதில் எனக்கு ஓரளவு நிறைவு தருகிறது. பெண்ணின் துயரத்தை ஆணின் குணவிளக்கத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது. ஆனாலும் நான்காம் பகுதியிலிருந்து தொடர்ந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். 2019இல் வந்த படத்தை மூன்றாம் சீசன் முடிந்தவுடன் பார்க்க வேண்டுமா, அல்லது விட்டுவிடலாமா என்று சொல்லுங்கள்.

ஜார்ஜ்டவுன் தமிழாசிரியை

விட்டுவிட வேண்டாம், ஆனால் உடனே பார்க்கவும் வேண்டாம். நான்காம் சீசன் வராமலேயே 2006இல் தொடர் நின்றுபோனது. நடிகர்களும் பார்வையாளர்களும் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள். படத்தின் கதை 1889இல், தெற்கு டகோட்டா மாநிலமாக அறிவிக்கப்படும் நேரத்தில் நடக்கிறது. ஹர்ஸ்ட் இப்போது செனட்டராகத் திரும்பி வருகிறார், தந்திக் கம்பங்களின் இடத்தைத் தொலைபேசிக் கம்பங்கள் பிடிக்க இருக்கின்றன. மில்ச்சுக்கு அல்சைமர் நோய் இருப்பது படம் வெளிவருவதற்குச் சற்று முன்புதான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. முகங்கள் மூத்திருக்கின்றன, ஸ்வெரிஞ்சன் தளர்ந்திருக்கிறார். முந்தைய நாள் இரவு அவரை இளமையோடு பார்த்துவிட்டு மறுநாள் இதைப் பார்த்தால், அந்தத் தளர்ச்சி ஒப்பனையாகவே தெரியும். சில மாதங்கள் இடைவெளி விட்டு, பாத்திரங்களின் பெயர்கள் லேசாக மறக்கத் தொடங்கும்போது பாருங்கள். நான்காம் பகுதியைப் பார்த்து முடித்ததும் ஹிக்காக் பற்றிய உங்கள் கருத்தை இங்கே எழுதுங்கள். அந்தச் சீட்டாட்டக் காட்சியைப் பற்றி எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் நீங்கள் பார்க்கும் முன் அதைச் சொல்வது முறையன்று.